பதினான்காம் முகவரியில் அன்று நான் இல்லை

“நமது அலுவலக வலையமைப்பில் தங்கள் கணினிக்கு ஒதுக்கப்பட்டுள்ள, பதினான்கில் முடியும் ஐ.பி. முகவரியிலிருந்து மேற்படி கன்டெய்னர் மீதான தடை நீக்கப்பட்டது உறுதியாகியுள்ளது. ஆகவே நாளை முதல் தாங்கள் பணிக்கு வர வேண்டியதில்லை.”

ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை நான்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறேன். கொரோனா அடங்கி ஊர் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த காலம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டியிருந்த ஒரு தனியார் கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் அது என் கையில் தரப்பட்டது. கடிதத்தில் தேதி இருக்கிறது. என் நாட்குறிப்பிலும் இருக்கிறது. தண்ணீர் லாரி வராத நாள், கும்மிடிப்பூண்டி ரயில் பாதி வழியில் நின்றுபோன நாள் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைக்கிறவள் நான். இருந்தும் இங்கே தேதியை விட்டுவிடுகிறேன். தேதியைச் சொன்னால் யார்டு தெரிந்துவிடும். யார்டு தெரிந்தால் ஆட்கள் தெரிந்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் கன்டெய்னரைப் பொட்டி என்றுதான் சொல்வார்கள். கப்பலில் இருந்து இறங்கிய பொட்டிகள் துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் எங்கள் யார்டுக்கு வரும். சுங்கச் சோதனை முடிந்து, சரக்குக்காரர் வந்து எடுத்துப்போகும்வரை அங்கேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நான் ஆவணப் பிரிவில் இருந்தேன். எந்தப் பொட்டி வந்தது, எதை விடலாம், எதை விடக்கூடாது என்று கணினியில் பதிவது என் வேலை. விடக்கூடாத பொட்டிக்கு ‘ஹோல்டு’ என்று ஒரு தடை போடுவோம். அந்தத் தடை இருக்கும்வரை கேட்டில் சீட்டு அடிக்காது. சீட்டு இல்லாமல் வண்டி வெளியே போகாது.

அப்படித் தடை போட்டிருந்த ஒரு பொட்டி, வெள்ளிக்கிழமை மதியம் வெளியே போய்விட்டது. திங்கட்கிழமை கப்பல் கம்பெனி ஆள் வந்து கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கேட்டில் முறையாகச் சீட்டு அடித்திருந்தது. டிரைவர் முறையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். தடையை மட்டும் யாரோ கணினியில் நீக்கியிருந்தார்கள். சரக்கு போன இடம் தெரியவில்லை. பொட்டி பிற்பாடு காலியாகத் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நீக்கியது யார் என்று கண்டுபிடிப்பது எளிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில்தான் அந்த மென்பொருளுக்குள் நுழைவோம். ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு வரும். ஒருவர் சாப்பிடப் போனால் அடுத்தவர் வேலையைத் தொடர இதுதான் வசதி என்று பேச்சு அடங்கிவிடும். மேனேஜர் முதல் கேட்டில் சீட்டு அடிப்பவர்வரை அந்த மென்பொருளுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே ஆள்.

எனவே நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டார்கள். ராயபுரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தவர். கூப்பிட்டால் பைக்கில் வருவார். அவர் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். தடை நீக்கப்பட்ட நேரத்துக்கு நேரே, பதினான்கில் முடியும் ஒரு முகவரி. மேனேஜரின் கண்ணாடி அறைச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த இருக்கையின் கணினிக்கு எந்த முகவரி என்று அதில் எழுதியிருக்கும். பதினான்குக்கு நேரே என் பெயர்.

மேனேஜர் கத்தவில்லை. குரலை உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன்.

“நீங்க எடுத்தீங்கன்னு நான் சொல்லல. உங்க அட்ரஸ்ல இருந்து எடுத்திருக்குன்னு சிஸ்டம் சொல்லுது. சிஸ்டம் பொய் சொல்லாதும்மா.”

அந்த நேரத்தில் நான் என் இருக்கையில்தான் இருந்தேன். வேறு எங்கோ இருந்தேன் என்று சொல்லவும் வழியில்லை. ‘நான் செய்யவில்லை சார்’ என்பதைத் தவிர என்னிடம் வேறு வாக்கியமே இல்லை. அதை எத்தனை முறை சொன்னாலும், சொல்லச் சொல்ல எடை குறைந்துகொண்டே வந்தது. கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

கேட்டருகே யார்டு சூப்பர்வைசர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். காசிமேட்டுக்காரர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார்.

“இன்னா தங்கச்சி, நேரத்தோட கெளம்பிட்ட? நமக்கும் ஒரு பர்மிஷன் வாங்கிக் குடேன்.”

சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன். அவர் அதை மழைக்கோட்டுக்குள் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“நீயா? ஆபீஸ் பேனா தெரியாம வூட்டுக்கு வந்துச்சுன்னா மறுநாள் கொண்டாந்து வெக்கிற ஆளு நீ. ஐ.பி.யாம் ஐ.பி. இன்னா எழவு அது?”

என் வேலையைப் பறித்த சொல்லுக்கு எனக்கே பொருள் தெரியவில்லை என்பது, திருவொற்றியூர் வரை பேருந்தில் நின்றுகொண்டு வந்தபோதுதான் உறைத்தது.

என் கணவர் மீன்பிடிப் படகுகளின் என்ஜின் பழுது பார்ப்பவர். அதிகம் பேச மாட்டார். கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மே, தெரியாம எதுனா அமுக்கிட்டியா?”

அவர் என்னைத் திருடி என்று நினைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கடிதத்தை நம்பினார். என் மேல் இருந்த அன்பையும் கடிதத்தின் மேல் இருந்த மரியாதையையும் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்த கேள்வி அது. திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது.

மாதா கோயிலிலும் அப்படித்தான். ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிப்பவர்களில் நானும் ஒருத்தி. யார் எந்த ஞாயிறு என்று மாதத் தொடக்கத்திலேயே ஒட்டிவிடுவார்கள். அந்த மாதம் என் பெயர் இல்லை. எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழுவான அன்பியத்தில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அக்காவைக் கேட்டேன். எனக்கு மனசு சரியிருக்காது என்பதால் கொஞ்ச நாள் ஓய்வு தந்திருப்பதாக, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிடித்த கை சூடாகத்தான் இருந்தது. முன்பு எங்களிடம் வா என்று இரண்டு முறை கூப்பிட்ட வேறொரு யார்டின் மேலாளர் இப்போது என் அழைப்பை எடுக்கவில்லை. மணலி முதல் மீஞ்சூர் வரை யார்டுகள் எத்தனை இருந்தாலும், அவற்றில் புழங்கும் வாய்கள் ஒன்றுதான். கை சுத்தமில்லாதவள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அந்தத் தொழிலில் எனக்கு இடமில்லை.

கடிதத்தோடு இணைத்திருந்த தாளை நான் பல நாள் பார்க்கவே இல்லை. ஒரு மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது எடுத்து விரித்தேன். மேனேஜர் சிவப்பு மையில் ஐ.பி. முகவரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். அந்த வட்டத்துக்கு வெளியே, அதே வரியில், இன்னொன்று இருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்து, இரண்டிரண்டாகப் புள்ளி வைத்துப் பிரித்த ஒரு நீளமான கோவை. மேலே ‘மேக் முகவரி’ என்று தலைப்பு. அலுவலகத்து ரவுட்டர், அதாவது அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் இணையத்தைப் பங்கிட்டுத் தரும் பெட்டி, வெள்ளிக்கிழமை காலை பதினான்காம் எண்ணை எந்த இயந்திரத்துக்குக் கொடுத்தது என்பதைக் காட்டும் கோவை அது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கதை, கட்டுரை, வரலாறு என்று எது கிடைத்தாலும் படிப்பவள்தான் நான். இதை மட்டும் படித்ததில்லை. படிக்கத் தொடங்கினேன். பார்த்த இடத்தில் எல்லாம் ஒரே உவமை: ஐ.பி. என்பது வீட்டு முகவரி, மேக் என்பது ஆளின் கைரேகை. படிக்கும்போது புரிந்தது போல இருக்கும். புத்தகத்தை மூடினால் போய்விடும். என் யார்டை நினைத்துப் பார்த்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

ஒவ்வொரு பொட்டியிலும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் பெயிண்டில் எழுதியிருக்கும். முதல் எழுத்துகள் உரிமையாளரைச் சொல்லும். மற்றவை அந்த ஒரு பொட்டிக்கு மட்டும் உரியவை. அது சிங்கப்பூரில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் எங்கள் யார்டில் இருந்தாலும் அதே எண்தான். மேக் முகவரியும் அப்படித்தான். கணினியோ கைபேசியோ, வலையமைப்போடு பேச அதற்குள் இருக்கும் உறுப்புக்கு, செய்தவர்கள் தொழிற்சாலையிலேயே கொடுத்து அனுப்பும் எண். முதல் பாதி செய்த நிறுவனத்தைச் சொல்லும். மறுபாதி அந்த ஒன்றை மட்டும் குறிக்கும்.

ஐ.பி. அப்படியல்ல. அது யார்டில் பொட்டி நிற்கும் இடம். இந்த பிளாக், இந்த வரிசை, இந்த அடுக்கு. பொட்டியைத் தேடிப் போக அது இல்லாமல் முடியாது. ஆனால் அது பொட்டிக்குச் சொந்தமல்ல. அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பவற்றைக் கலைத்தால், காலையில் ஒரு பொட்டி நின்ற இடத்தில் மாலையில் வேறொன்று நிற்கும். கணினியும் ஒரு வலையமைப்பில் இருக்கும்வரை ஓர் எண்ணை வாங்கி வைத்திருக்கும். வேறு வலையமைப்புக்குப் போனால் வேறு எண். அது விட்டுப்போன எண்ணில் வேறு இயந்திரம் வந்து உட்காரலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வெளியே இணையத்தில் இருப்பவர்களுக்கு நம் இயந்திரத்தின் மேக் எண் தெரியாது. அது நம் ரவுட்டரைத் தாண்டிப் போவதில்லை. உள்ளே இருக்கும் ரவுட்டருக்குத்தான் இரண்டும் தெரியும். அதாவது, எந்த இடத்தில் எந்தப் பொட்டி நின்றது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியின் வாக்குமூலம் என் கையில் இருந்தது. அதில் பாதியை மட்டும் வட்டமிட்டு எனக்கு எதிராகப் பயன்படுத்தியிருந்தார்கள்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டியைத் தூக்கும் பெரிய இயந்திரத்தின் ஓட்டுநரிடம் இடத்தை மட்டும் சொன்னால் தூக்க மாட்டார். கீழே நிற்பவர் பொட்டியின் முழு எண்ணையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஓட்டுநர் தன் சீட்டில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். பிறகுதான் இரும்புக் கை இறங்கும். இடத்தைப் பார்த்து மாற்றித் தூக்கினால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மேனேஜரே இதைப் பற்றி வாரம் தவறாமல் பேசுவார். ஒரு தகரப் பொட்டி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருந்தவர்கள், ஓர் ஆள் விஷயத்தில் நின்ற இடத்தை மட்டும் பார்த்துத் தூக்கிவிட்டார்கள்.

அன்று பதினான்கு என்னிடம் இல்லாமல் போயிருக்க வழி உண்டு என்பதும் விளங்கியது. முந்தின நாள், வியாழக்கிழமை, பெரிய இடி இடித்து அலுவலகத்து ரவுட்டர் கருகிப்போனது. வெள்ளி காலை புதியது மாட்டும்வரை கேட்டில் சீட்டைக் கையால் எழுதினோம். நெட்வொர்க் தம்பிக்குப் போன் செய்தேன். முதலில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“அக்கா, பழசுல ஒவ்வொரு மெஷினோட மேக் நம்பரையும் போட்டு, இதுக்கு இந்த ஐ.பி.தான்னு பூட்டி வெச்சிருந்தேன். அத வெச்சுதான் அந்த அட்டையே அடிச்சது. புதுசுல பூட்டல. அர்ஜன்ட்டுன்னு மாட்டிட்டு வந்துட்டேன்.”

“அப்ப அன்னிக்கு?”

“அன்னிக்கு பதினாலு யாராண்ட வேணா இருந்திருக்கலாம். உங்க மெஷின் எழுந்து கேக்கறதுக்கு முன்னாடி வேற எதுனா வாங்கியிருக்கும்.”

இதை மேனேஜரிடம் சொன்னாரா என்று கேட்டேன்.

“கேக்கலக்கா அவங்க. பேப்பர் கேட்டாங்க, குடுத்தேன். என் பேர இழுக்காதீங்க. அந்தப் பக்கம் நாலு யார்டு என்னை நம்பிக் கீது.”

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் நான்கு யார்டும் கைவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த வாரத்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரிந்திருக்கும்?

எஞ்சியது ஒன்றுதான்: என் கணினியின் மேக் எண் என்ன? பின்புறம் ஒட்டியிருக்கும் வில்லையில் அது அச்சிட்டிருக்கும் என்று தெரிந்துகொண்டேன். சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில், என் இருக்கைக்கு வந்திருந்த புதுப் பெண் எழுந்து போனதும், மேசைக்கு அடியில் குனிந்துகொண்டு என்னைப் போனில் அழைத்தார். பொட்டி எண்ணை வாசிக்கும் அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்தார். பி ஃபார் பாம்பே, டி ஃபார் டில்லி என்று ஒவ்வொன்றாக. நான் எழுதிக்கொண்டே வந்தேன். முடித்ததும் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருப்பார் போல.

“தங்கச்சி, பன்னெண்டு கீதே. பொட்டின்னா பதினொண்ணுதான? ஒண்ணு எச்சா கீது.”

பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். முதல் எழுத்திலேயே தாளில் இருந்த எண்ணோடு பொருந்தவில்லை. தடையை நீக்கியது என் கணினி இல்லை.

இன்னும் ஒன்று செய்தேன். தாளில் இருந்த எண்ணின் முதல் பாதியை வைத்து, அதைச் செய்தவர்கள் யார் என்று தேடினேன். மடிக்கணினிகளில் கம்பியில்லாத இணைப்புக்காக வைக்கும் உறுப்பைச் செய்யும் ஒரு நிறுவனம். எங்கள் ஆவணப் பிரிவில் இருந்தவை எல்லாம் கம்பி இழுத்த மேசைக் கணினிகள். மடிக்கணினிகள் இருந்தது கண்ணாடி அறையில் மட்டும்.

மேனேஜர் என்னைப் பார்க்க நேரம் தரவில்லை. முதலாளி தெற்கத்திக்காரர், யானைக்கவுனியில் அவருடைய பழைய பருப்பு மொத்தக் கடை இன்னும் நடக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கேதான் இருப்பார். கணவரும் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று தனியாகவே போனேன். மூட்டைகளுக்கு நடுவே படியேறிப் போனால், மாடியறையில் முதலாளிக்கு எதிரே மேனேஜரும் உட்கார்ந்திருந்தார், மடிக்கணினியைத் திறந்து வைத்து ஏதோ காட்டிக்கொண்டு.

முதலாளி என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“சொல்லும்மா. ஒம் பக்கத்த நான் இன்னும் கேக்கவே இல்லல்லா.”

தாளை மேசையில் விரித்து, பொட்டியையும் அது நிற்கும் இடத்தையும் வைத்தே சொன்னேன். இடி விழுந்ததைச் சொன்னேன், புது ரவுட்டரைச் சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. வில்லையில் இருந்த எண்ணையும் தாளில் இருந்த எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வியாபாரி மூளை.

“அப்ப எடத்தப் பாத்துட்டு வேற பொட்டியத் தூக்கிட்டோம்னு சொல்லுத.”

“ஆமா அண்ணாச்சி.”

மேனேஜர் குறுக்கிட்டு, அந்த மேக் எண்ணையும் மென்பொருளால் மாற்றிக் காட்ட முடியும் என்றார். அது உண்மைதான். நானும் படித்திருந்தேன். இப்போதெல்லாம் கைபேசிகள் தாமாகவே ஓர் எண்ணைப் புனைந்து சொல்கின்றன. ஆனால் அந்தப் பன்னிரண்டை நம்பக் கூடாது என்று அவருக்கு அன்று வந்த சந்தேகம், பதினான்கை நம்பி என்னை அனுப்பிய செவ்வாய்க்கிழமை அவருக்கு வரவில்லை.

கண்ணாடி அறையில் இருக்கும் மடிக்கணினிகளைத் திறந்து எண்ணைப் பார்த்துவிடலாம், அதிக நேரம் ஆகாது என்றேன். கீழே மூட்டை இறக்குபவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முதலாளி என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடியே சொன்னார்.

“நீ செய்யலன்னு எனக்கு வெளங்கிட்டு. அது போதும்லா? மேக்கொண்டு தோண்ட வேண்டாம்.”

“போதாது அண்ணாச்சி. அதையே ஒரு லெட்டர்ல எழுதிக் குடுங்க.”

“எழுதிக் குடுத்தா, அப்ப யாருன்னு கப்பல் கம்பெனிக்காரன் கேப்பான். நான் யாரச் சொல்லட்டும்?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்பது போலக் கேட்டார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. என் பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதை அழித்தால் வேறொன்றை எழுத வேண்டும். நான் குற்றவாளி என்று அந்த அறையில் யாரும் நம்பவில்லை. ஆனாலும் என் பெயர் அங்கேயே இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

பதிலுக்கு ஒன்று தருவதாகச் சொன்னார். நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகியதாகவும், நல்ல ஊழியர் என்றும் ஒரு கடிதம். அதை வைத்து வேறு யார்டில் சேர்ந்துகொள்ளலாம். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் விலகவில்லை, விலக்கப்பட்டேன் அண்ணாச்சி என்று சொல்லித் தாளை மடித்து எடுத்துக்கொண்டேன். நான் எழுந்தபோது மேனேஜர் மடிக்கணினியின் மூடியை மூடினார். அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பேச்சு முடிந்தால் எல்லோரும் மூடத்தான் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முதலாளியே ஒப்புக்கொண்டார் என்றதும் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு, நான் முதல் நாளே சொன்னபோது ஏன் வரவில்லை என்று கேட்க நினைத்தேன்.

பிறகு எந்த யார்டும் என்னை எடுக்கவில்லை. இப்போது விம்கோ நகரில் ஒரு லாரி உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வாசகப் பட்டியலில் என் பெயர் சில மாதம் கழித்துத் திரும்ப வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நான் போய் வாசித்தேன். குரல் நன்றாக இருந்தது என்றார்கள்.

சூப்பர்வைசர் அண்ணனைத் திருவொற்றியூர் ஸ்டேஷனில் ஒருமுறை பார்த்தேன். கண்ணாடி அறைக்குப் புது மடிக்கணினிகள் வந்துவிட்டன, பழையவை எங்கே போயின என்று தெரியவில்லை என்றார். இது அவர் சொன்னது, நான் பார்த்ததில்லை. அந்த அறையில் அன்று மடிக்கணினி வைத்திருந்தவர்கள் மூன்று பேர். மூவரின் பெயரும் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் தரகர்களும் சில நாள் அலுவலகத்து வைஃபை இணைப்பை வாங்கிப் பயன்படுத்துவார்கள் என்பதும் தெரியும். எண்ணையே யாராவது மாற்றிவைத்திருக்கலாம் என்பதும் தெரியும். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோபம் வருகிற நாட்களில் அதை எடுத்து, அந்தப் பன்னிரண்டு எழுத்தெண்களுக்கு நேரே ஒரு பெயரை எழுதிவிடலாமா என்று தோன்றும். பேனாவைக்கூட எடுத்திருக்கிறேன்.

அன்று அந்தப் பொட்டியை விடுவித்த இயந்திரம் யாருடையது என்பது இந்த வரியை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை. உறுதிசெய்யப்படாத ஒன்றுக்கு நேரே ஒரு பெயரை எழுதினால் அந்தப் பெயருக்குரியவருக்கு என்ன ஆகும் என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.